இருண்ட மாளிகையும் ஆதன உறுதியும்: ஆங்கிலக் கொதிக் நாவலிலே வீடு

1764ஆம் ஆண்டு டிசெம்பர் மாத இறுதியிலே இலண்டனில் சிறியதொரு கதைநூல் வெளிவந்தது. 'ஒற்றான்ரோக் கோட்டை' என்பது அதன் பெயர். இத்தாலிய மதகுரு ஒருவர் எழுதியது என்றும், 1529இல் நேப்பிள்ஸ் நகரிலே அச்சிடப்பெற்றது என்றும், வட இங்கிலாந்தில் வாழ்ந்த பழைய கத்தோலிக்கக் குடும்பமொன்றின் நூலகத்திலே கண்டெடுக்கப்பட்டது என்றும் அதன் முன்னுரை கூறிற்று. யாவும் புனைவே. அடுத்த ஆண்டிலே இரண்டாம் பதிப்பு வெளிவந்தபொழுது உண்மையான ஆசிரியர் தம்மை வெளிப்படுத்திக் கொண்டார். இங்கிலாந்தின் முதற் பிரதமராகக் கருதப்படும் சேர் றொபேட் வால்ப்போலின் இளைய மைந்தரான ஹொறேஸ் வால்ப்போலே அவர். 'ஒரு கொதிக் கதை' என்னுந் தொடரும் அப்பதிப்பின் தலைப்பிலே சேர்க்கப்பட்டது. ஓர் இலக்கிய வகை தனக்குரிய பெயரைப் பெற்றது இவ்வாறுதான்.

அப்பெயர் முன்னர் ஒரு வசைச்சொல்லாகவே வழங்கிற்று. உரோமப் பேரரசைத் தாக்கிய கொத் இனத்தவரை நினைவூட்டும் இச்சொல்லை, மறுமலர்ச்சிக் கால இத்தாலியர் தமக்கு முற்பட்ட காலத்துக் கூர்வளைவுக் கட்டடங்களை இகழ்வதற்குப் பயன்படுத்தினர். கிரேக்க உரோம ஒழுங்கினைப் போற்றிய பதினெட்டாம் நூற்றாண்டுக் கனவான்களுக்கும் 'கொதிக்' என்பது இருளையும் அநாகரிகத்தையும் குறித்தது. எனவே கொதிக் கதை எனப்பட்டது முதலிலே ஒரு கட்டடத்தின் பெயரால் அழைக்கப்பட்ட கதையாகும். வேறெந்த நாவல் வகைக்கும் கட்டடக் கலையிலிருந்து பெயர் கிடைத்ததாகத் தெரியவில்லை. இது தற்செயலானதன்று. வால்ப்போலின் காலம் தொடக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிவரை இக்கதைகளிலே பேய்கள் வந்தன, போயின. துறவிகள், கொள்ளையர், பித்தர், குருதி குடிப்போர் எனக் கொடியோரும் மாறிக்கொண்டே இருந்தனர். மாறாது நின்றது வீடு ஒன்றே.

அவ்வீடு வாசகர் உள்ளத்திலே அச்சத்தையும் எதிர்பார்ப்பையும் எவ்வாறு தோற்றுவிக்கின்றது என்னும் வினாவுக்கு வழமையாகக் கூறப்படும் விடை எல்லோரும் அறிந்ததே. இருள், நிலவறை, புயல், கிறீச்சிடும் கதவு, பாதி அணைந்த விளக்கு என்பன அவ்விடையில் இடம்பெறும். இவை பொய்யல்ல. எனினும் புயலும் நிலவறையும் வேறு கதைகளிலும் உண்டு. அங்கெல்லாம் இத்தகைய கலக்கம் உண்டாவதில்லை. கொதிக் நாவலின் இருண்ட மாளிகையை உற்று நோக்குமிடத்து அவ்விருளுக்குள்ளே எப்பொழுதும் ஒரு வழக்கு மறைந்திருப்பதைக் காணலாம். இவ்வீடு யாருடையது? இதன் திறப்பு யார் கையில் இருக்கின்றது? உள்ளே இருப்பவருக்கு இங்கு இருக்கும் உரிமை உண்டா? கதையின் பேய் பெரும்பாலும் இவ்வினாக்களின் வழியாகவே நடமாடுகின்றது.

ஒற்றான்ரோவின் கதைப்பின்னலே இதற்கு முதற் சான்று. கோட்டையை ஆளும் மான்பிரெட்டின் பாட்டன் உண்மையான உரிமையாளனாகிய அல்ஃபொன்சோவை நஞ்சூட்டிக் கொன்று அதனைக் கைப்பற்றியவன். உண்மையான உடைமையாளன் அக்கோட்டையிலே தங்க இயலாத அளவுக்குப் பெருத்துவிடும் நாளிலே அது இப்போதைய குடும்பத்தின் கையைவிட்டு நீங்கும் என்பது பழைய தீர்க்கதரிசனம். மான்பிரெட்டின் ஒரே மகன் திருமண நாளன்று வானிலிருந்து வீழ்ந்த பூதாகரமான தலைக்கவசத்தால் நசுக்கப்பட்டு இறக்கின்றான். வாரிசை இழந்த தந்தை, மகனுக்கு நிச்சயிக்கப்பட்ட இசபெல்லாவைத் தானே மணந்து புதிய வாரிசைப் பெற முனைகின்றான். அவள் கோட்டையின் நிலவறைப் பாதை வழியாகத் தப்பியோடுகையில் கையிலிருந்த விளக்கைக் காற்று அணைத்து விடுகின்றது. ஆங்கிலப் புனைகதையில் எண்ணற்ற முறை அணைக்கப்படவிருந்த விளக்குகளுக்கு இதுவே மூலம். தலைக்கவசம் இன்றைய வாசகருக்கு நகைப்பையே தரும். அன்றும் பலருக்கு அவ்வாறே இருந்திருத்தல் கூடும். ஆனால் இருளிலே ஒரு கதவைத் தடவித் தேடும் பெண்ணின் அச்சம் நகைப்புக்குரியதன்று. அவளைத் துரத்துவது பேயுமன்று. வாரிசு வேண்டி நிற்கும் ஒரு நிலப்பிரபு.

வால்ப்போல் தமது கனவொன்றிலிருந்தே கதை பிறந்ததென நண்பர் ஒருவருக்கு எழுதினார். பழைய கோட்டையொன்றின் பெரிய படிக்கட்டின் உச்சியிலே கவசமணிந்த பேருருவான கையொன்றை அவர் கனவிலே கண்டாராம். அவர் உறங்கிய வீடோ தேம்சு நதிக்கரையிலே ருவிக்கன்ஹாம் என்னுமிடத்திலே அவரே உருவாக்கிய 'ஸ்ரோபெரி ஹில்'. 1747இல் தாம் பெற்ற சாதாரணமான சிறு வீட்டை, கூர்வளைவுகளும் வண்ணக் கண்ணாடிச் சாளரங்களும் கொண்ட கொதிக் மாளிகையாகப் பல ஆண்டுகளாக அவர் மாற்றியமைத்தார். அங்குள்ள நீண்ட கூடத்தின் விதானம் வெஸ்ற்மின்ஸ்ரர் தேவாலயத்திலுள்ள ஏழாம் ஹென்றியின் சிற்றாலயத்தைப் பின்பற்றியது. ஆனால் கல்லாலன்று, கடதாசிக் கூழால் ஆனது. பார்வையாளர் பெருகவே அனுமதிச் சீட்டு வழங்கி, ஒரு தடவையில் நால்வருக்கு மேல் வரலாகாதென விதியும் வகுத்தார். வால்ப்போலுக்கு எம் நாட்டுடனும் ஒரு மெல்லிய தொடர்புண்டு. எதிர்பாராது கிட்டும் நற்பேற்றினைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லொன்றை, செரண்டிப் தேசத்து இளவரசர் மூவரின் கதையை ஆதாரமாகக் கொண்டு 1754இல் உருவாக்கியவர் அவரே. செரண்டிப் என்பது இலங்கையின் பழம்பெயர்களுள் ஒன்று.

கடதாசிக் கூழாலான அந்த விதானம் சிந்தனைக்குரியது. பதினெட்டாம் நூற்றாண்டின் செல்வர் கூட்டம் வணிகத்தாலும் பதவியாலும் குடியேற்ற நாடுகளின் வருவாயாலும் எழுந்தது. அதனிடம் பணமிருந்தது, பழைமை இருக்கவில்லை. பழைமையைக் கட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. பழைய வீடொன்று கண்ணியத்தைத் தரும். ஆனால் உண்மையிலே பழைய வீடுகளின் வரலாற்றைக் கிளறினால் வன்முறையே வெளிப்படும். எட்டாம் ஹென்றி 1536க்கும் 1540க்கும் இடையிலே துறவிமடங்களைக் கலைத்தபொழுது அவற்றின் நிலங்களும் கட்டடங்களும் பிரபுக்களின் கைக்கு மாறின. ஆங்கிலேயப் பெருங்குடும்பங்கள் பலவற்றின் இல்லங்கள் இன்றும் 'மடம்' என்னும் பெயரையே தாங்கி நிற்பதன் காரணம் இதுவே. பறிக்கப்பட்ட வீட்டிலே பறித்தவரின் பேரர் உறங்குகின்றனர் என்னும் உணர்வு, எழுதப்படாத வரலாறாக அச்சமூகத்தின் நினைவிலே கிடந்தது.

ஒற்றான்ரோவுக்குச் சில ஆண்டுகள் முன்னரும் பின்னருமாக வெளிவந்த இரு நூல்களை இங்கே நோக்குதல் வேண்டும். ஒன்று எட்மண்ட் பேர்க் 1757இல் வெளியிட்ட, மேன்மையும் அழகும் பற்றிய ஆய்வு. எப்பொருளையும் மிகவும் அஞ்சத்தக்கதாக்குவதற்குத் தெளிவின்மை பெரிதும் வேண்டப்படும் என்பது அதன் முக்கிய கருத்துக்களுள் ஒன்று. ஆபத்தின் முழு அளவையும் கண் கண்டுகொண்டால் அச்சத்தின் பெரும்பகுதி மறைந்துவிடும் என அவர் வாதித்தார். கொதிக் நாவலாசிரியர் இருளைக் கையாண்ட முறைக்கு அழகியற் கோட்பாடு இங்கிருந்து கிடைத்தது.

மற்றையது அழகியல் நூலன்று, சட்ட நூல். வில்லியம் பிளாக்ஸ்ரன் 1765 தொடக்கம் 1769 வரை நான்கு தொகுதிகளாக வெளியிட்ட ஆங்கிலச் சட்டங்கள் பற்றிய விளக்கவுரை அது. 1768இல் வந்த மூன்றாந் தொகுதியிலே ஆங்கிலச் சட்டத்தை அவர் ஒரு பழைய கொதிக் கோட்டைக்கு ஒப்பிடுகின்றார். வீரயுகத்திலே கட்டப்பட்ட அக்கோட்டை இப்பொழுது புதிய குடியிருப்பாளனுக்கு ஏற்பத் திருத்தப்பட்டுள்ளது. அகழியும் கோபுரமும் கம்பீரமானவையேயாயினும் பயனற்றவை. உள்ளறைகள் வசதியானவை, ஆனால் அவற்றை அடையும் வழிகள் வளைந்தும் கடினமாயும் உள்ளன என்பது அவ்வுவமையின் பொருள். அவர் அதனைப் பெருமையுடனேயே கூறினார். இதே அறிஞர்தாம் முதலாந் தொகுதியிலே, திருமணமானதும் கணவனும் மனைவியும் சட்டத்தின் கண்ணிலே ஒருவராகின்றனர் என்றும், திருமண காலத்திலே பெண்ணின் சட்ட இருப்பு நிறுத்திவைக்கப்படுகின்றது என்றும் விளக்கியவர். மனைவியின் அசையும் பொருள்கள் கணவனுக்கே உரியனவாயின. அவளுடைய நிலத்தின் நிருவாகமும் வருவாயும் அவனைச் சேர்ந்தன. அதனை விற்பதற்கு மட்டும் அவளது இசைவு வேண்டியிருந்தது. வசதி படைத்த தந்தையர் தம் புதல்வியருக்கெனத் தனிச் சொத்தைப் பாதுகாக்கும் ஏற்பாடுகளைச் செய்தனர். அப்பாதுகாப்பை உடைப்பதற்குக் கணவனுக்கு வேண்டியிருந்தது அவளுடைய கையொப்பம் ஒன்றுதான். சட்டமென்னும் கொதிக் கோட்டைக்குள்ளே அகப்பட்ட பெண்ணின் கதையை எழுதுவதற்கு நாவலாசிரியர் வெகுதூரம் அலையவேண்டியிருக்கவில்லை.

வால்ப்போலுக்கும் றட்கிளிஃபுக்கும் இடையே கிளாரா றீவ் ஒரு பாலமாக நிற்கின்றார். அவரது நாவல் 1777இல் வெளிவந்து, அடுத்த ஆண்டிலே 'பழைய ஆங்கிலப் பிரபு' என்னும் புதுப்பெயரைப் பெற்றது. பூட்டிக்கிடக்கும் பேயறையிலே உறங்கும் இளைஞன் தானே அவ்வீட்டின் வாரிசு என அறிந்துகொள்கின்றான். இதனைச் சுவையற்ற நாவல் என்போர் உளர், அதில் உண்மையில்லாமலில்லை. ஆனால் அதன் இறுதிப் பகுதியிலே எந்த நிலம் யாருக்கு, எந்தப் பாக்கி எவ்வளவு என நீண்டு செல்லும் உடன்பாட்டுக் கணக்கைப் படிப்போர், பேயின் வருகை ஒரு சாட்சியின் வருகையே என்பதை உணர்வர்.

ஆன் றட்கிளிஃப் 1794இல் வெளியிட்ட 'உடோல்ஃபோவின் மர்மங்கள்' இவ்வகையின் உச்சம். அதற்கு அவர் பெற்ற ஐந்நூறு பவுண் அக்காலத்திலே நாவலொன்றுக்குக் கிடைத்த அசாதாரணமான தொகை. கதை 1584ஆம் ஆண்டிலே தொடங்குகின்றது. பெற்றோரை இழந்த எமிலியின் அத்தை, மொன்ரோனி என்னும் இத்தாலியனை மணக்கின்றாள். அவன் இருவரையும் அப்பினைன் மலைத்தொடரிலுள்ள உடோல்ஃபோக் கோட்டைக்குக் கொண்டு செல்கின்றான். இதனை எழுதும்பொழுது றட்கிளிஃப் இத்தாலியைக் கண்டதேயில்லை. ஓவியங்களும் பயணநூல்களும் அவருக்குப் போதுமாயிருந்தன.

கோட்டை முதன்முதலாகக் கண்ணிற்படும் இடம் புகழ்பெற்றது. மாலைச் சூரியன் மறைந்துகொண்டிருக்கின்றது. மலைச்சரிவிலே ஊதாநிற நிழல் மேலெழுகின்றது. கோட்டையின் அடிப்பகுதி இருண்டுவிட, கொத்தளங்களின் உச்சியிலே மாத்திரம் சிறிது நேரம் ஒளி தங்கி, பின் அதுவும் அணைகின்றது. இங்கு யாதொன்றும் நிகழவில்லை என்பதே முக்கியம். ஒளி விலகும் வேகத்தை அளந்து கூறுவதன் மூலமே ஆசிரியை அச்சத்தை வளர்க்கின்றார். வண்டி வாயிலை அடையும் முன்னரே கோட்டை தனக்குள் வருபவரை நோக்கத் தொடங்கிவிட்டது போன்ற உணர்வு தோன்றுகின்றது. இத்தகைய இருளுக்கு அன்றைய வாசகரின் வாழ்விலும் ஒரு பொருளாதாரப் பக்கம் இருந்தது. இங்கிலாந்திலே 1696 தொடக்கம் 1851 வரை சாளரங்களுக்கு வரி அறவிடப்பட்டது. வரிக்கு அஞ்சிப் பலர் சாளரங்களைச் செங்கல்லால் அடைத்தனர். மெழுகுதிரிக்கும் 1831 வரை வரி இருந்தது. வெளிச்சம் விலைகொடுத்து வாங்கப்பட்ட பண்டமாயிருந்த காலத்திலே, ஒரு மெழுகுதிரி அணைவதன் பொருளை விளக்கவேண்டியதில்லை.

உடோல்ஃபோவிலே மிகவும் நுட்பமாக அமைந்த பொருள் எமிலியின் அறைக்கதவு. கோட்டையின் தனிமையான பகுதியிலே அவளுக்கு ஓர் அறை வழங்கப்படுகின்றது. அதற்குள் இரண்டாவதாக ஒரு கதவு. அது ஒடுங்கிய படிக்கட்டுக்கு இட்டுச் செல்கின்றது. அக்கதவுக்கு உட்புறத்திலே தாழ்ப்பாள் இல்லை, வெளிப்புறத்திலேயே உண்டு. அவளால் அதனைப் பூட்டமுடியாது. வேறொருவரால் முடியும். பாரமான நாற்காலியொன்றை அதன்மீது சாய்த்துவிட்டு அவள் படுக்கின்றாள். மறுநாட் காலையிலே பார்த்தால் இரவிலே யாரோ வெளியிலிருந்து தாழிட்டிருக்கின்றனர். பிறிதோரிரவிலே மொறானோப் பிரபு அவ்வழியாகவே அறைக்குள் நுழைகின்றான். இவ்வொரு கதவைக் கொண்டு ஆசிரியை பல அத்தியாயங்களின் பதற்றத்தைத் தாங்கி நிற்கச் செய்கின்றார். பேயேதும் வேண்டியிருக்கவில்லை. தன் அறையின் தாழ்ப்பாள் தன் பக்கத்திலே இல்லாத ஒருத்தியின் நிலையை ஒரு மரப்பலகையிலே காட்டிவிட்டார். கோட்டையை அறிந்த பணிப்பெண் ஆனெற் கூட அதன் நடைகூடங்களிலே வழி தவறுகின்றாள் என்பதும் இதனோடு சேர்த்து நோக்கத்தக்கது. அவ்வீட்டின் முழு வரைபடம் எவருடைய மனத்திலும் இல்லை. வாசகருக்கும் அது தரப்படுவதில்லை.

கறுப்புத் திரையின் கதையோ வேறு. திரையால் மூடப்பட்ட ஏதோ ஒன்றை எமிலி விலக்கிப் பார்த்து மயங்கி வீழ்கின்றாள். அவள் கண்டது யாதென்பது நூலின் இறுதிவரை மறைக்கப்படுகின்றது. இறுதியிலே அது வெறும் மெழுகுருவம் எனத் தெரியவருகின்றது. ஆசிரியை இவ்வளவு நீண்ட கடனை இவ்வளவு சிறிய காசால் அடைத்தது ஏமாற்றமே. இயற்கைக்கு அப்பாற்பட்டவை அனைத்துக்கும் ஈற்றிலே இயற்கையான விளக்கம் தருவது றட்கிளிஃபின் முறை. அதனாலே அவர் தம் கோட்டையைத் தாமே வெறுமையாக்கிவிட்டார் என்பது பலர் கூறிய குறை. ஆனால் பேய்கள் யாவும் விளக்கப்பட்டு அகன்ற பின்னரும் விளக்கமுடியாததொன்று அங்கே எஞ்சி நிற்கின்றது. அதுவே மொன்ரோனியின் கையிலிருக்கும் பத்திரம்.

மொன்ரோனிக்கு வேண்டியது அத்தையின் பிரெஞ்சு நாட்டுக் காணிகள். அவை அவள் பெயரிலேயே பாதுகாக்கப்பட்டுள்ளன. அவள் கையொப்பமிட மறுக்கின்றாள். கோபுர அறையொன்றிலே அடைக்கப்பட்டு, நோயுற்று இறக்கின்றாள். காணி எமிலிக்கு உரித்தாகின்றது. அதே பத்திரம் இப்பொழுது அவள்முன் நீட்டப்படுகின்றது. அவளும் நெடுநாள் மறுக்கின்றாள். ஈற்றிலே கோட்டையிலுள்ள முரடர்களுக்கு அஞ்சி, பாதுகாப்பை வேண்டி, ஒப்பமிடுகின்றாள். வாக்களிக்கப்பட்ட விடுதலையோ உடன் கிடைப்பதில்லை. பதினாறாம் நூற்றாண்டு இத்தாலி என்பது இங்கே வெறும் திரைச்சீலை. அதனை விலக்கிப் பார்த்தால் தெரிவது பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் திருமண உடன்படிக்கை. இந்நாவல்களை வாடகை நூல்நிலையங்களிலிருந்து எடுத்துச் சென்று படித்தவர்களுள் மத்தியதர வர்க்கத்துப் பெண்கள் பெருந்தொகையினர். லெடன்ஹோல் வீதியிலே வில்லியம் லேன் நடாத்திய மினேர்வா அச்சகம் இத்தேவையை அறிந்து நூற்றுக்கணக்கான கதைகளை வெளியிட்டது. இவற்றிலே பல குப்பை என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அவ்வாசகியரை மூடநம்பிக்கை கொண்டோர் என எள்ளி நகையாடிய அக்காலத்து விமர்சகர், அவர்கள் பேய்க்கு அஞ்சினரா, பத்திரத்துக்கு அஞ்சினரா என்பதைக் கேட்கவில்லை.

அதனைக் கேட்டவர் ஜேன் ஒஸ்ரின். 'நோதாங்கர் அபி' என்னும் நாவலை அவர் அந்நூற்றாண்டின் இறுதியிலே எழுதினார். 1803இல் பத்துப் பவுணுக்கு ஒரு வெளியீட்டாளர் அதனை வாங்கி அச்சிடாது வைத்திருந்தார். ஆசிரியை மறைந்த பின்னரே, 1817 டிசெம்பரில், அது வெளிவந்தது. உடோல்ஃபோவைப் படித்து மயங்கிய கதரின் என்னும் பெண், மடம் ஒன்றிலிருந்து வீடாக மாறிய மாளிகைக்கு விருந்தினளாகச் செல்கின்றாள். பழைய பெட்டகத்தை நடுங்கும் கையால் திறந்தால் உள்ளே வெண்பருத்தி விரிப்பு. கறுத்த அலுமாரியிலே கண்டெடுத்த ஏட்டுச்சுருளைப் பொழுது விடிந்ததும் படித்தால் அது சலவைக் கணக்கு. வீட்டுத் தலைவராகிய ஜெனரல் தம் மனைவியைக் கொன்றிருப்பார் என அவள் ஐயுறுகின்றாள், அதுவும் பொய்யாகின்றது. கொதிக் நாவலை நையாண்டி செய்யும் நூலென இதனைப் பலரும் இவ்விடத்தோடு நிறுத்திவிடுவர். ஆனால் கதை அங்கு முடிவதில்லை. கதரின் பெருஞ்செல்வத்துக்கு வாரிசு எனத் தவறாக எண்ணியே ஜெனரல் அவளை உபசரித்தார். உண்மை தெரிந்ததும் விடியற்காலையிலே, துணைக்குப் பணியாள் ஒருவருமின்றி, எழுபது மைல் தொலைவிலுள்ள அவள் ஊருக்கு வண்டியேற்றி விடுகின்றார். புதுநாகரிக அடுப்பும் நல்ல வெளிச்சமும் கொண்ட அவ்வீட்டிலே பேயில்லை. காணிக் கணக்குப் பார்க்கும் கொடியவன் இருக்கத்தான் செய்தான். ஒஸ்ரின் கொதிக் நாவலை மறுத்தார் என்பதிலும், அதன் வீட்டை இத்தாலியிலிருந்து இங்கிலாந்துக்கு இடம்பெயர்த்தார் என்பதே பொருந்தும்.

இங்கிலாந்து மாளிகைகளின் அத்திவாரம் இங்கிலாந்திலேயே இருக்கவில்லை என்பது அடுத்த செய்தி. 1786இல் 'வாத்தெக்' என்னும் கதையை வெளியிட்ட வில்லியம் பெக்ஃபோட், யமெய்க்காவின் கரும்புத் தோட்டங்களிலிருந்து வந்த பெருஞ்செல்வத்தைச் சிறுவயதிலேயே முதுசமாகப் பெற்றவர். அடிமைகளின் உழைப்பாலான அப்பணத்தைக் கொண்டு 1796 தொடக்கம் 'ஃபொன்ற்ஹில் அபி' என்னும் மாபெரும் கொதிக் மாளிகையைக் கட்டினார். அதனை 1822இல் விற்றார். அதன் உயர்ந்த கோபுரம் 1825 டிசெம்பரிலே தானாகவே இடிந்து வீழ்ந்தது. ஒற்றான்ரோக் கோட்டையின் சுவர்களும் கதையின் இறுதியிலே இடிந்து வீழ்ந்தவைதாம்.

யமெய்க்காவின் பணம் சார்லொற் புறொன்ரே 1847இல் வெளியிட்ட 'ஜேன் எயர்' நாவலிலே வீட்டின் மேல்மாடிக்கு வந்துசேர்கின்றது. இந்நாவலின் வீடுகள் ஒவ்வொன்றிலும் உரிமை பற்றிய பேச்சு எழுகின்றது. பத்து வயதுச் சிறுமி ஜேனை அடிக்கும் மாமியின் மகன், வீடு முழுவதும் தனக்கே உரியது, அல்லது சில ஆண்டுகளில் உரியதாகும் என்கின்றான். அதன்பின் அவள் சிவப்பறையிலே அடைக்கப்படுகின்றாள். மாமன் இறந்த அறை அது. அங்கே பேயின் ஒளி தோன்றியதாக அவள் அலறுகின்றாள். இக்காட்சியிலே புறொன்ரே செய்திருப்பது முன்னையோர் செய்யாதது. கோட்டையின் நிலவறையை ஒரு சாதாரண ஆங்கிலக் குடும்பத்தின் படுக்கையறையாக்கி, அச்சத்தைச் சிறுபிள்ளையின் உள்ளத்திலே வைத்துவிட்டார்.

வளர்ந்த ஜேன் ஆசிரியையாகச் செல்லும் தோண்ஃபீல்ட் மாளிகையின் மூன்றாம் மாடியிலே விளங்காத சிரிப்பொலி கேட்கின்றது. றொச்செஸ்ரரின் முதல் மனைவி பேதா அங்கே அடைக்கப்பட்டுள்ளாள். ஏன்? நிலத்தைப் பிரிக்க விரும்பாத தந்தை மூத்த மகனுக்கே யாவற்றையும் கொடுக்க எண்ணினார். இளைய மகன் வறியவனாகக் கூடாதென்பதற்காக முப்பதாயிரம் பவுண் கொண்டுவரும் யமெய்க்காப் பெண்ணை அவனுக்கு மணமுடித்து வைத்தார். பணம் சட்டப்படி கணவனுடையதாயிற்று. பெண் மாடியறைக்குப் போனாள். பிரித்தானியக் குடியேற்ற நாடுகளிலே அடிமைமுறையை ஒழிக்கும் சட்டம் 1833இலேதான் நிறைவேறியது என்பதை நினைவிற் கொண்டால் அம்முப்பதாயிரம் எங்கிருந்து வந்திருக்கும் என்பதை ஊகிப்பது கடினமன்று. நாவல் பேதாவைப் பேசவிடவில்லை. அது இந்நாவலின் பெருங்குறை. மேற்கிந்தியத் தீவுகளிலே பிறந்த ஜீன் றைஸ் 1966இல் எழுதிய நாவலிலேயே அவளுக்குக் குரல் கிடைத்தது. யோக்ஷயரிலுள்ள நோற்றன் கொனியேர்ஸ் என்னும் பழைய வீட்டுக்குச் சார்லொற் 1839இல் சென்றார் என்றும், அங்கு பெண்ணொருத்தி மேல்மாடியிலே அடைக்கப்பட்டிருந்த கதையைக் கேட்டார் என்றும் கூறுவர். 2004இலே அவ்வீட்டில் மேல்மாடிக்குச் செல்லும் மறைந்த படிக்கட்டொன்று கண்டுபிடிக்கப்பட்டது.

அதே ஆண்டில் வெளிவந்த எமிலி புறொன்ரேயின் 'வதறிங் ஹைற்ஸ்' காதலின் காவியமென்றே பெரிதும் பேசப்படுகின்றது. ஆனால் ஹீத்கிளிஃப் பழிவாங்கும் கருவிகள் ஈடும் மரணசாதனமுமே. சூதாடிக் கெட்ட ஹின்ட்லியின் வீட்டை ஈட்டின் மூலம் கைப்பற்றுகின்றான். இளைய கதியை வீட்டுக்குள் பூட்டிவைத்துத் தன் மகனை மணக்கச் செய்கின்றான். மரண சாதனத்தை மாற்றியெழுத அழைக்கப்பட்ட சட்டத்தரணி அவனிடம் விலைபோய், வேண்டுமென்றே காலந்தாழ்த்தி வருகின்றார். இந்நாவலின் சொத்துச் சட்டம் எவ்வளவு பிழையற்றது என்பதை 1926இல் சி. பி. சாங்கர் என்னும் சட்ட அறிஞர் ஆராய்ந்து காட்டினார். புயல் வீசும் மேட்டிலே சாளரத்தைத் தட்டும் பேயுருவான சிறுமி வேண்டுவதும் உள்ளே வருவதற்கான உரிமையையே.

அத்திலாந்திக்குக்கு அப்பால் கோட்டைகள் இல்லாத அமெரிக்காவிலும் இதே வினா பின்தொடர்ந்தது. எட்கார் அலன் போ 1839இல் எழுதிய அஷர் மாளிகையின் கதையிலே 'அஷர் இல்லம்' என்னும் பெயர் கட்டடத்தையும் குடும்பத்தையும் ஒருங்கே குறிக்கின்றது. இரண்டும் ஒரே இரவிலே குளத்துள் அமிழ்கின்றன. நதானியல் ஹோதோர்ண் 1851இல் எழுதிய ஏழு முகட்டு வீட்டின் சாபமோ, சூனியக்காரன் எனக் குற்றஞ்சாட்டித் தூக்கிலிடப்பட்ட ஒருவனின் காணியிலே அவ்வீடு கட்டப்பட்டதால் வந்தது.

மீண்டும் இங்கிலாந்து. வில்கி கொலின்ஸ் 1859இல் தொடர்கதையாக வெளியிடத் தொடங்கிய 'வெள்ளுடைப் பெண்' நாவலிலே, காட்டினால் சூழப்பட்ட பிளக்வோற்றர் மாளிகையின் நூலகத்திலே சேர் பேசிவல் தம் மனைவி லோராவின் முன் ஒரு பத்திரத்தை வைக்கின்றார். எழுத்து வெளித்தெரியாதவாறு மடிக்கப்பட்டிருக்கின்றது. ஒப்பமிடும் இடம் மட்டும் தெரிகின்றது. படிக்காது ஒப்பமிட அவள் மறுக்கின்றாள். 1794இலே அப்பினைன் மலையில் நிகழ்ந்த காட்சி, அறுபத்தைந்து ஆண்டுகளின் பின்னர் ஹம்ப்ஷயரிலே, புகைவண்டி ஓடும் காலத்திலே, அப்படியே மீண்டும் நிகழ்கின்றது. கொலின்ஸ் இன்னும் ஒருபடி செல்கின்றார். லோராவின் இருபதாயிரம் பவுணுக்காக அவளை வேறொரு பெண்ணின் பெயரிலே சித்தசுவாதீனமற்றோர் இல்லத்திலே அடைத்துவிடுகின்றனர். அவள் பெயரே அவளிடமிருந்து பறிக்கப்படுகின்றது. மனைவியின் சட்ட இருப்பு நிறுத்திவைக்கப்படும் என்னும் பிளாக்ஸ்ரனின் கூற்று இங்கே கதையாகிவிட்டது. சேர் பேசிவலின் இரகசியமோ மான்பிரெட்டின் இரகசியந்தான். பெற்றோர் முறைப்படி மணம் புரியாமையால் மாளிகை சட்டப்படி அவருடையதே அன்று. அதனை மறைக்கத் திருமணப் பதிவேட்டிலே பொய்ப்பதிவு செய்தவர் அவர்.

மணமான பெண்களின் ஆதனச் சட்டம் 1870இலும், அதனிலும் விரிவானது 1882இலும் பிரித்தானியப் பாராளுமன்றத்திலே நிறைவேறின. மனைவி தன் பெயரிலே சொத்து வைத்திருக்கலாம் என்பது சட்டமாயிற்று. அதற்குப் பின்னரும் இருண்ட மாளிகை இலக்கியத்தை விட்டு அகலவில்லை. ஆனால் பத்திரத்தின் முன் நடுங்கும் பெண் மெல்ல மறைகின்றாள். 1897இல் பிராம் ஸ்ரோக்கர் 'டிறாக்குலா'வை வெளியிட்டபொழுது திரான்சில்வேனியாவின் கோட்டைக்குள் தனியே நுழைபவன் ஓர் ஆண். ஜொனதன் ஹாக்கர் என்னும் அவன் அண்மையிலே தேர்வில் சித்தியெய்திய சட்டத்தரணி. அவன் அங்கு வந்த காரணம் பேயுமன்று, காதலுமன்று. இலண்டனுக்கு அருகே பேர்ஃபிலீற் என்னுமிடத்திலே டிறாக்குலாப் பிரபு வாங்கும் பழைய வீடொன்றின் உறுதியை முடித்துக் கொடுப்பதற்காகவே வந்துள்ளான். வீட்டின் பரப்பு, மதில், அருகேயுள்ள கட்டடங்கள், சாளரங்கள் குறைந்த அதன் இருட்டு ஆகிய யாவற்றையும் அவன் விளக்குகின்றான். பழைய வீடென்பதிலே பிரபுவுக்குப் பெருமகிழ்ச்சி. பத்திரங்களிலே பிரபு முறைப்படி ஒப்பமிடுகின்றார். அதன் பின்னரே ஹாக்கர் கோட்டையைச் சுற்றிப் பார்க்கப் புறப்பட்டு, ஒவ்வொரு கதவாகத் தள்ளிப் பார்க்கின்றான். எல்லாம் பூட்டிக் கிடக்கின்றன.